மஞ்சள் தொப்பிக்குக் கேட் திறக்காது

கலைவாணி அக்காவின் தலையில் அந்த மஞ்சள் தொப்பியைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்பப்பா! எனக்குக் கோபம் சட்டென்று வரும்; வந்தால் லேசில் போகாது. அன்றைக்குக் காலை காஞ்சிபுரம் மூங்கில் மண்டபத்தில் கம்பெனி பஸ் ஏறியதிலிருந்து ஒரகடம் வரும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் நீட்டிய கடலை உருண்டையைக்கூட வாங்கவில்லை. தின்பண்டத்தை வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் இல்லை நான். அக்காவுக்கும் அது தெரியும்.

"இன்னாடி ரேவதி, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு வர்றே?"

"நீதான் சூப்பர்வைசர் ஆயிட்டியேக்கா. எங்களாண்ட எல்லாம் பேசலாமா?"

"அய்ய! தொப்பி மாறினா தலையும் மாறிடுமா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு அன்றைக்கு மத்தியானத்தோடு போயே போய்விட்டது.

காருக்குள் ஓடுகிற ஒயர்களைப் பலகையில் விரித்து, கட்டி, டேப் சுற்றி, ஹார்னஸ் என்ற கட்டாக அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. பலகைகள் நிற்காமல் நகரும், நாங்கள் நின்றபடியே கையை ஓட்டுவோம். எங்கள் எல்லோருக்கும் நீலத் தொப்பி. ஒவ்வொரு லைனிலும் அனுபவமுள்ள ஆள் ஒருவரை லைன் லீடர் என்பார்கள். அவருக்கும் நீலத் தொப்பிதான், அவருக்கும் ஒரு பலகை உண்டு. மேலே இருக்கிற ஷிப்ட் இன்சார்ஜுக்கு மட்டும் வெள்ளைத் தொப்பி. எங்கள் ஷிப்டுக்கு பிரேம்நாத் சார். இப்படித்தான் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. சங்கத் தேர்தலுக்குத் தேதி குறித்த அதே வாரம் லைன் லீடர்கள் அத்தனை பேரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டு, மஞ்சள் தொப்பி மாட்டி, 'இன்று முதல் நீங்கள் சூப்பர்வைசர்' என்று கேக் வெட்டினார்கள். என்ன திடீர்ப் பாசம் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் ஓட்டர் லிஸ்ட் ஒட்டினார்கள். ஒரு மஞ்சள் தொப்பியின் பெயர்கூட அதில் இல்லை. பிரேம்நாத் சாரிடம் போய்க் கேட்டோம். "தொழிலாளிங்களை மேற்பார்வை பார்க்கிறவங்களுக்கு தொழிலாளர் சங்கத் தேர்தல்ல ஓட்டு இல்லம்மா. சட்டம் அப்படி," என்றார், ஏதோ சட்டத்தை நேற்று ராத்திரி அவரே உட்கார்ந்து எழுதின மாதிரி. கலைவாணி அக்கா அந்த லிஸ்ட்டின் முன்னால் நின்று விரலை வைத்து மேலிருந்து கீழே போனாள். மறுபடி மேலே போனாள். என் கோபம் அவளை விட்டு இறங்கி நேராகக் கம்பெனி மேல் ஏறிக்கொண்டது.

ஏன் இந்த ஆத்திரம் என்று கேட்பீர்கள். அந்தச் சங்கத்தைப் பெற்றெடுத்தவளே அவள்தான்!

பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டில் பிறந்தவள். அப்பா பரமசிவம் தறியில் உட்கார, பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நாடா தள்ளினவள். பிளஸ் டூ முடித்ததும் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்றதும் அவரே சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். யாரும் அழவில்லை. பிறகு கல்யாணம். மாப்பிள்ளை தினேஷ், செவிலிமேட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், நல்ல மனுஷன். வாய்தான் கொஞ்சம் அகலம், ஆசை அதைவிட அகலம். அக்கா எப்போதும் தாலிச் சரட்டில் நாலைந்து ஊக்கு குத்தி வைத்திருப்பாள். யாருக்கு எது கிழிந்தாலும் கை அங்கே போகும்.

இரண்டாவது ஷிப்ட் முடிந்தால் பஸ் ஊருக்குள் வராது. பைபாஸிலேயே எங்களை உதிர்த்துவிட்டுப் போய்விடும். அங்கிருந்து நாய்களைச் சமாளித்துக்கொண்டு நடந்து வரவேண்டும். ஒருமுறை நான் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தேன். மறுநாள் அக்கா பஸ்ஸில் எழுந்து நின்றாள். "இந்த பஸ்ஸு செவிலிமேடு வரைக்கும் வரணும். யார் யாரு கேக்கறீங்க? கையத் தூக்குங்கமா," என்றாள். அன்றைக்குத் தூக்கிய கைகள்தான் பிறகு சங்கமாயின. ஆபீசர்கள் காரில் வருவார்கள். ஆகையால் பஸ்ஸே எங்கள் சங்க அலுவலகம். பயந்துபோன பெண்களின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போவாள். சங்கம் என்ற பேச்சையே எடுக்க மாட்டாள். ரசம் நல்லா இருக்குது என்பாள், பிள்ளைகளைக் கொஞ்சுவாள், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "புதன்கிழமை கையெழுத்துக்கு வந்துடும்மா," என்பாள். வந்துவிடுவார்கள். மூன்று வருஷம் இப்படி அலைந்து, வழக்குப் போட்டு, கடைசியில் எங்கள் சங்கத்தைக் கம்பெனி அங்கீகரிக்கவேண்டுமா வேண்டாமா என்று தொழிலாளிகளிடமே ரகசிய ஓட்டெடுப்பு என்று ஆனபோது அவள் குதித்த குதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டு போட்டேன், கவுன்சிலருக்குப் போட்டேன். நான் தெனம் நிக்கிற எடத்துக்கு ஒருவாட்டி ஓட்டு போட்டுப் பாக்கணும்டி ரேவதி!" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். அதைத்தான் ஒரு தொப்பியைப் போட்டு மூடினார்கள்.

நான் சங்கத்தின் துணைச் செயலாளர். லைன் லீடர்களும் தொழிலாளிகள்தான் என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஆட்சேபம் கொடுத்தோம். தேர்தலை நடத்துகிற பெண் அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டார். கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் வந்தார், சிரித்த முகம். வாயைத் திறப்பதற்கு முன்னால் செல்போனைத் திறந்து அதிகாரியிடம் ஒரு படத்தைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். எனக்கு உயிரே போய்விட்டது.

பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் தெருமுனை. மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே பெரிய பிளெக்ஸ். கல்யாணப் புடவையில் கலைவாணி அக்கா, பின்னால் ஒரு சிங்கம். 'சூப்பர்வைசராகப் பதவி உயர்வு பெற்ற எங்கள் வீரமங்கையே! அகிலம் வியக்கும் ஆளுமையே!' என்று கொட்டை எழுத்து. கீழே 'இவண்: தினேஷ் மற்றும் ஷேர் ஆட்டோ நண்பர்கள்' என்று வரிசையாகத் தலைகள். எல்லாம் கேக் வெட்டின அன்றைக்கு சாயங்காலமே தினேஷ் செய்த வேலை. ஊரில் காதுகுத்துக்கே பிளெக்ஸ் வைக்கிறார்கள், பெண்டாட்டிக்குப் பதவி உயர்வு வந்தால் சும்மா இருப்பாரா!

"அவங்க குடும்பமே ஒத்துக்கிட்ட விஷயம் மேடம்," என்றார் மேனேஜர்.

தினேஷ் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அதிகாரி உள்ளே கூப்பிட்டு, "இது நீங்க வெச்சதா?" என்று கேட்டார்.

"ஆமாம் மேடம், நானேதான்!" என்றார் பெருமையாக. பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து விஷயம் விளங்கி, வியர்த்துப்போய், தலையைச் சொறிந்தார். "மேடம், கம்பெனி சூப்பர்வைசர்னு சொல்லிச்சு, நான் ஆசையில போட்டுட்டேன். பக்கத்துலயே அகிலம் வியக்கும்னு இருக்குது பாருங்க. அகிலம் எங்க மேடம் வியந்துச்சு? எங்க தெருக்காரனே திரும்பிப் பாக்கலை. போன மாசம் எங்க ஸ்டாண்டு அஜித்துக்குப் பொண்ணு பொறந்துச்சு, வருங்கால முதல்வரேன்னு போட்டோம். பிளெக்ஸுல இருக்கிறதெல்லாம் நெசம்னா எங்க தெருவுல மட்டும் நாலு முதல்வர் இருக்காங்க மேடம்!"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மேனேஜர்கூட சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்தப் படத்தை நான் கணக்குல எடுத்துக்கலை. ஆனா சிரிப்பை வெச்சு உத்தரவு போட முடியாதுல்ல? பேருல ஒண்ணும் இல்லை, பார்க்கிற வேலைதான் முக்கியம். லைனுக்கே வந்து பார்க்கிறேன்," என்றார்.

அவர் வந்த அன்றைக்குக் காலையிலேயே நாடகம் தொடங்கிவிட்டது. பிரேம்நாத் சார் அக்காவின் பலகையில் வேறொரு பெண்ணை நிறுத்தினார். அக்காவின் கையில் ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்து, "ஒயர்ல கையே வைக்கக் கூடாது. நடந்துக்கிட்டே இருங்க," என்றார். பாவம், அக்காவுக்கு நடக்கத் தெரியவில்லை! அத்தனை வருஷம் ஒரே இடத்தில் நின்ற கால். நாலு அடி வைப்பாள், திரும்புவாள், அட்டையைப் பார்ப்பாள். அட்டையில் ஒன்றுமே இல்லை. கல்யாண வீட்டில் யாரையும் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவள் மாதிரி முழித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இரண்டு தரப்பும் கூட இருக்கலாம் என்பதால் அதிகாரியோடு நானும் நடந்தேன், மேனேஜரும் நடந்தார்.

"யார் எப்போ லீவு எடுக்கலாம், யார் பாதியில வீட்டுக்குப் போகலாம், எல்லாம் கலைவாணி மேடம் முடிவுதான்," என்றார் மேனேஜர். வாய்கூசாமல் 'மேடம்' என்றார். அதற்கு முந்தின வாரம்வரை அவளை "ஏம்மா" என்று கூப்பிட்ட வாய்.

"அப்படியாம்மா?" என்று அதிகாரி அக்காவைக் கேட்டார்.

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து டீ பிரேக்குக்குப் போயிருந்த லோகாம்பாள் ஓடிவந்தாள். எங்கள் லைனிலேயே வயதில் மூத்தவள், திருமுக்கூடல் பக்கத்துக்காரி. லைனுக்குள் போன் கூடாது; லாக்கரில் இருந்த போனை அப்போதுதான் பார்த்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

"கலை! கீர்த்திக்கு வலி எடுத்துடுச்சாம்! ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிட்டாங்களாம். அம்மா அம்மான்னு கத்துதாம். நான் போவணும் கலை!"

கீர்த்தி அவள் மகள். தலைப்பிரசவம்.

மேனேஜரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்! "இதோ மேடம், நீங்களே பார்த்துக்கோங்க," என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பி, "நீங்கதானே முடிவு பண்ணணும் கலைவாணி மேடம்? நாங்க யாரும் குறுக்க வரமாட்டோம். அனுப்பலாமா, வேண்டாமா? சொல்லுங்க," என்றார்.

அடப்பாவி! என்ன கச்சிதமாக வலை விரித்தான்! போ என்று சொன்னால் ஆளை அனுப்புகிற அதிகாரம் அவளுக்கு இருக்கிறது என்றாகிவிடும். அதிகாரி கண்ணாலேயே பார்த்த சாட்சி, ஓட்டு போச்சு. அவள் ஓட்டு மட்டுமா, எல்லா லைன் லீடர்களின் ஓட்டும் போச்சு. 'எனக்கு அதிகாரம் இல்லை, பிரேம்நாத் சாரைக் கேளு' என்றால் ஓட்டு பிழைக்கும். ஆனால் பிரேம்நாத் சாரை அந்த நேரம் எங்கேயோ ஒளித்துவைத்திருந்தார்கள். அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் லோகாம்பாளின் பெண் அங்கே கத்திக்கொண்டிருப்பாள். சாரைக் கேளு என்று சொல்லுக்கா, சொல்லுக்கா என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அக்கா என்னைப் பார்த்தாள். லோகாம்பாளைப் பார்த்தாள்.

"ஓடுக்கா," என்றாள். "நான் சொல்றேன், நீ கெளம்பு. ஓடு!"

லோகாம்பாள் ஓடினாள். அக்கா அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. மேனேஜர், "பார்த்தீங்களா மேடம்?" என்றார். அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். மூன்று வருஷ அலைச்சல் ஒற்றை வார்த்தையில் கரைந்துபோனதே என்று எனக்கு அவள்மேல் வந்த கோபம்! அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்பதால் கோபம் இன்னும் கூடியது.

சோதனை முடிந்தது. அதிகாரியின் ஜீப் வாசலில் நின்றது. மூவரும் கேட்டை நோக்கி நடந்தோம். பாதி வழியிலேயே சத்தம் கேட்டது. பார்த்தால் லோகாம்பாள்! இன்னும் கேட்டுக்கு உள்ளேதான் நிற்கிறாள். செக்யூரிட்டி ராமலிங்கம் அண்ணன் கம்பியின்மேல் கையை வைத்துக்கொண்டு மலைபோல் நிற்கிறார்.

"பாஸ் எங்கம்மா? பிரேம்நாத் சார் கையெழுத்து போட்ட பாஸ் இல்லாம தெறந்தா என் வேலை போயிடும்."

"கலைவாணி சொல்லிச்சுண்ணே! சூப்பர்வைசரே சொல்லிட்டுது, போன்னு!"

"யாரு, நம்ம கலைவாணிமாவா?" ராமலிங்கம் அண்ணன் சிரித்தேவிட்டார். "அவங்க சொன்னா எப்டிம்மா விடுறது? நேத்து அவங்களுக்கே தலைவலி. பாஸ் வாங்கியாராம வந்துட்டு இதே எடத்துல எவ்ளோ நேரம் நின்னுக்கினு இருந்தாங்க தெரியுமா? அப்புறம் சார் முடியாதுன்னு சொல்லிட்டாருன்னு திரும்பிப் போயி வேலை செஞ்சாங்க."

அதிகாரி அப்படியே நின்றார். நானும் நின்றேன். மேனேஜர் மட்டும் அதிகாரிக்குப் பின்னாலிருந்து கண்ணைக் கண்ணை உருட்டி ராமலிங்கம் அண்ணனுக்கு ஜாடை காட்டினார்.

"இன்னா சார், கண்ணுல தூசி கீசி விழுந்துடுச்சா?" என்றார் அண்ணன்.

அவர் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றைக்கும் கேட்டால் மீசையைத் தடவுவாரே தவிர பதில் வராது.

அதிகாரி முன்னால் போனார். "மஞ்சள் தொப்பி போட்டவங்க சொன்னா நீங்க விடமாட்டீங்களா?"

"தொப்பிக்கெல்லாம் கேட்டு தெறக்காதுங்க மேடம். மஞ்சளோ நீலமோ, எல்லாருக்கும் சார் கையெழுத்துதான். பத்து வருஷமா இதே ரூலுதான்."

"புதுசா எதுவும் சொல்லலையா உங்களுக்கு?"

"இன்னாத்த சொன்னாங்க? கேக்கு கூட குடுக்கலை."

அதிகாரி திரும்பி மேனேஜரைப் பார்த்தார். குரல் உயரவில்லை. "முதல்ல இந்தம்மாவை உங்க கார்லயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. இப்பவே. மீதியை அப்புறம் பேசலாம்." மேனேஜரே ராமலிங்கம் அண்ணனிடம் 'திறங்க' என்று சொல்லவேண்டி வந்தது. கேட் திறந்தது. லோகாம்பாள் வாழ்க்கையில் முதல்தடவையாக ஏ.சி. காரில், நீலத் தொப்பியைக் கழற்றக்கூட மறந்து, காஞ்சிபுரத்துக்குப் பறந்தாள்.

நான் திரும்பி லைனுக்கு ஓடிய ஓட்டத்தை என் மாமியார் பார்த்திருந்தால், வீட்டில் இடுப்பு வலி என்று நான் சொல்வதை இனி நம்பவே மாட்டாள். "யக்கா! யக்கா! ராமலிங்கம் அண்ணன் விடலைக்கா!" என்று கத்தினேன். அக்கா பதறிப்போய், "அய்யய்யோ, அப்போ லோகாக்கா போவலையா?" என்றாள். அவளுக்கு அந்தக் கவலை. போய்விட்டாள், மேனேஜர் காரிலேயே போய்விட்டாள் என்று சொல்லி, நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் கொட்டி முடித்தபோது அவள் கையிலிருந்த அட்டை கீழே கிடந்தது. அவள் தன் பலகைக்குப் போய் அந்தப் பெண்ணை நகரச்சொல்லி டேப்பைக் கையில் எடுத்துவிட்டாள்.

அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸில் கேட்டேன். "ஏங்க்கா அப்டி சொன்னே? மொத்த ஓட்டும் போயிருக்குமே?"

"தெரியும்டி. சொல்றப்பவே அழுகை வந்துடுச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆனா அந்தப் பொண்ணு அம்மான்னு கத்திக்கினு இருக்குதுன்றாங்க. நான் இங்க நின்னுக்கினு சட்டம் பேசறதா?" பிறகு கடலை உருண்டையை நீட்டினாள். நான் இரண்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே உத்தரவு வந்தது. லைன் லீடர்கள் தாங்களும் கைவேலை செய்கிறவர்கள்; ஒருவரை வெளியே அனுப்பவோ நிறுத்தவோ அவர்களால் முடியாது; ஆகவே எல்லோருக்கும் ஓட்டு உண்டு. நோட்டீஸ் போர்டின் முன்னால் ஒரே கூச்சல். மஞ்சள் தொப்பிகள் கேன்டீன் கூரைவரை பறந்தன. ஒன்று சாம்பார் அண்டாவில் விழுந்துவிட்டது, யாருடையது என்று சொல்லமாட்டேன்.

ஓட்டுப் போடும் நாளில் அதே கேன்டீனில் பெட்டி வைத்திருந்தார்கள். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள், மேலே கம்பெனி கோட்டு. அதிகாரி "கலைவாணி, ஹார்னஸ் லைன், தொழிலாளி," என்று படித்தார். அக்கா மறைப்புக்குப் பின்னால் போய் வந்தாள், சீட்டைப் பெட்டியில் போட்டாள். இரண்டடி வைத்தவள் திரும்பி வந்து, குனிந்து அந்தத் துவாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள விழுந்துச்சா மேடம்?"

"விழுந்துச்சும்மா. நல்லாவே விழுந்துச்சு."

ஜெயித்துவிட்டோம்! ஜெயித்த வித்தியாசம் லைன் லீடர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவு என்று எண்ணி முடித்ததும் தெரிந்தது. எச்.ஆர். மேனேஜரும் அந்தக் கணக்கைப் போட்டிருப்பார். பாட்டியாகிவிட்ட லோகாம்பாள் சர்க்கரைப் பொட்டலத்தோடு வந்து ஒருவர் விடாமல் எல்லோர் வாயிலும் போட்டாள், ராமலிங்கம் அண்ணனுக்கு இரண்டு தரம்.

தினேஷுக்கு மறுபடி கை அரித்தது. ஆனால் இந்தமுறை அக்கா கடைக்குக் கூடவே போய், தான் சொல்கிறதைத்தான் அடிக்கவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். சிங்கம் வேண்டாம் என்றாள். மறுநாள் அதே மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே, நீலத் தொப்பியோடு சிரிக்கிற படத்தின் கீழே, 'எங்கள் கலைவாணி சூப்பர்வைசர் அல்ல! மகிழ்ச்சியுடன் தெரிவிப்போர்: தினேஷ் மற்றும் நண்பர்கள்' என்று இருந்தது.

கலைவாணி அக்காவோடு நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் அக்கா துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். கலைவாணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாமா கலை, உத்தியோகத்தப் புடுங்கிட்டாங்களா? அதையும் உன் வூட்டுக்காரரு பிளெக்ஸு போட்டு ஊருக்கே காட்டிக்கினு இருக்காரே!" என்று கண்ணைத் துடைத்தார்.

"உத்தியோகம் அப்டியே இருக்குதுக்கா," என்றாள் கலைவாணி அக்கா. "ஓட்டுதான் வந்திருக்குது."